நேர்முகத்தில் கேட்ட கேள்விக்கு வழக்குப் போடலாமா?

கேள்வி: "மிஸ், நான் முஸ்லிம் பெண், என் ஊர் கிண்ணியா, வயது 27. திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவம் படித்துப் பட்டம் எடுத்தேன். ஒரு மாதத்துக்குள் எங்கள் வீட்டில் மூன்று சம்பவம். ஓர் அரச அலுவலகப் பதவிக்கு எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கினேன். நேர்முகத்தில் 'கிண்ணியாவிலிருந்தா? தினமும் வந்து போக ஏலுமா?' என்று கேட்டார்கள். தெரிவுப் பட்டியலில் என் பெயர் இல்லை. எழுத்தில் எனக்குக் கீழே இருந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்தது, நகரத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளை. கணக்கு, கணினி எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் முகாமையாளர் 'இந்த உடுப்போடதான் வேலைக்கு வருவீங்களா? எங்கட கஸ்டமர் எல்லாம் தமிழ் ஆக்கள்' என்றார். அந்த வேலை என்னோடு படித்த தமிழ்த் தோழிக்குக் கிடைத்தது. அவளுடைய பெறுபேறு என்னுடையதைவிடக் குறைவு. மூன்றாவது, என் நானா (அண்ணன்) நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையலறை வேலைக்குப் போனார். சிங்களம் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனப்பாகுபாடு என்று வழக்குப் போட முடியுமா? வாப்பா 'நமக்கு எழுதினது இவ்வளவுதான், விடு மகள்' என்கிறார். தமிழ் ஆக்களும் இந்த நாட்டில் அடிபட்டவர்கள்தானே மிஸ், அவர்களே இப்படிச் செய்தால் நாங்கள் யாரிடம் போவது? பெயர் போடாமல் முறையிட வழி உண்டா?"

பதில்: தங்கச்சி, மூன்று சம்பவத்தையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். மனதுக்கு மூன்றும் ஒன்றுதான், விளங்குகிறது. வழக்கு என்று வரும்போது மூன்றும் மூன்று பாதையில் போகும். முதலாவதில் உங்களுக்கு நல்ல பிடி இருக்கலாம். இரண்டாவதில் இந்த நாட்டுச் சட்டம் உங்களைக் கைவிட்டிருக்கிறது. மூன்றாவது உங்கள் நானாவின் கதை, அதைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பேச வேண்டும்.

அரச பதவி விடயத்தில் நாள் எண்ண வேண்டியிருப்பதால், அந்தப் பகுதிக்கான பதிலை உங்கள் கடிதம் கிடைத்தவுடனேயே தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையில் இரண்டு வசனங்கள் உங்களுக்கு வேண்டியவை. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று சொல்லி எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 12(2). பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பிடிப்பது இதைத்தான். அதற்கு முன்னால் 12(1) இருக்கிறது: சட்டத்தின் முன் யாவரும் சமம், சட்டத்தின் பாதுகாப்பும் யாவருக்கும் சமம். பார்க்கச் சாதுவான வசனம். ஆனால் ஆட்சேர்ப்பு, இடமாற்றம், பதவி உயர்வு வழக்குகளில் பெரும்பாலும் வேலை செய்வது இதுதான்.

காரணம் இருக்கிறது. 12(2)ஐ மட்டும் நம்பி நின்றால், நேர்முகச் சபையில் இருந்தவர்களின் மனதில் உங்கள் இனம்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று காட்ட வேண்டும். சபையில் இருந்த அத்தனை பேரும் 'அப்படி ஒன்றுமில்லை' என்று சத்தியக்கடதாசி போடுவார்கள். 'கிண்ணியாவிலிருந்தா?' என்ற கேள்விக்கும் பதில் ஆயத்தமாக இருக்கும்: அக்கறையில் கேட்டோம், தூரத்தைப் பற்றிக் கேட்டோம் என்பார்கள். (கிண்ணியாப் பாலம் திறந்து 2009இலிருந்து வாகனம் ஓடுகிறது. இன்னும் பாதைப்படகுக்கு நிற்கிறோம் என்ற நினைப்பில் சிலர் கேள்வி கேட்கிறார்கள்.) 12(1)இல் நின்றால் கேள்வி ஒன்றுதான்: வெளியிட்ட விதிப்படி தெரிவு நடந்ததா, இல்லையா? அவர்களுடைய மனதுக்குள் போகத் தேவையில்லை, கோப்புக்குள் போனால் போதும்.

கோப்புக்குள் என்ன இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எடுத்த ஒரு நேர்முகப் புள்ளித்தாளோடு ஒருவர் என்னிடம் வந்தார். கல்வி, மேலதிகத் தகைமை, அனுபவம், மொழி, புறக்கிருத்தியம், கடைசியில் 'ஆளுமை' என்று நிரல்கள். முதல் ஐந்திலும் வந்தவர் முன்னுக்கு. ஆளுமைக்கு மட்டும் பத்தில் இரண்டு. தெரிவானவர்கள் எல்லோருக்கும் ஒன்பது, பத்து. ஓரிடத்தில் ஐந்து என்று எழுதியதை வெட்டி வேறு நிறப் பேனையால் ஒன்பதாக்கியிருந்தார்கள், பக்கத்தில் சுருக்கொப்பம் கூட இல்லை. அப்புறம் ஆட்சேர்ப்புத் திட்டத்தை எடுத்துப் பார்த்தால், ஆளுமைக்கு ஒதுக்கியதே மொத்தம் ஐந்து புள்ளிதான்! அந்தத் தாளில் எங்கேயும் இனம் என்ற சொல் கிடையாது. அதை நாங்கள் தேடவும் இல்லை. தாளையும் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடிதம் போனதும், நேர்முகத்தை மறுபடி நடத்துவதாக அலுவலகமே அறிவித்தது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டாலும் சொல்லாதீர்கள். பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டம், நேர்முகத்துக்கான அங்கீகரிக்கப்பட்ட புள்ளித் திட்டம், உங்களுக்குக் கிடைத்த புள்ளி நிரல் வாரியாக, தெரிவானவர்களின் புள்ளி நிரல் வாரியாக. இவ்வளவும் கேளுங்கள். மற்றவர்களின் விபரம் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், ஆகவே 'பெயர்களை நீக்கித் தந்தாலும் போதும்' என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்குக் கீழே புள்ளி எடுத்த இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள் என்பது மட்டும் வழக்காகாது. சில பதவிகளுக்கு எழுத்துப் பரீட்சை வெறும் தகுதிகாண் பரீட்சை. அதைத் தாண்டினால் போதும், கடைசிப் பட்டியல் நேர்முகப் புள்ளியில் போகும். சிலவற்றில் இரண்டையும் கூட்டுவார்கள். உங்கள் பதவி எந்த வகை என்று வர்த்தமானி அறிவித்தலில் இருக்கும், முதலில் அதை வாசியுங்கள். என்னிடம் கோபத்தோடு வருபவர்களில் நிறையப் பேர் தாங்கள் விண்ணப்பித்த அறிவித்தலையே முழுதாக வாசித்திருப்பதில்லை.

இப்போது அந்த நாள் கணக்கு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். 126ஆவது உறுப்புரை சொல்வது. பட்டியல் வெளியான திகதியிலிருந்து, அல்லது அது உங்களுக்குத் தெரியவந்ததிலிருந்து எண்ணுங்கள். தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் கைக்கு வர அந்த மாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்காகத்தான் இரண்டாவது வேலையையும் சமகாலத்தில் செய்யச் சொல்கிறேன்: இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நடந்துகொண்டிருக்கும் காலம் உயர் நீதிமன்றத்தின் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் சரி என்று நினைக்கிறார்கள். விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும், முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், விசாரணைத் திகதி கேட்டு எழுதுங்கள், கூப்பிட்டால் போங்கள், வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு வையுங்கள். ஆணைக்குழு கடைசியில் தருவது பரிந்துரைதான், அலுவலகத்தைக் கட்டிப்போடும் தீர்ப்பு இல்லை. ஆனாலும் விளக்கம் கேட்டு அதன் கடிதம் போனதும் பல அலுவலகங்களில் கோப்பு தானாக அசையத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பதவி மத்திய அரசினதா, கிழக்கு மாகாணசபையினதா என்றும் பாருங்கள். மாகாணப் பதவி என்றால் இங்கேயே மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அலுவலகத்தின் முடிவை ரத்துச் செய்து அல்லது ஒன்றைச் செய்யச் சொல்லி நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கும் வழி உண்டு. அதற்கு அந்த ஒரு மாத எல்லை இல்லை, அதற்காக வருடக் கணக்கில் தூங்கவும் கூடாது. கொழும்புக்குப் போய்வரும் செலவு மிச்சம். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையமும் திருகோணமலையில் இருக்கிறது.

நிதி நிறுவனக் கதைக்கு வருகிறேன். அந்த முகாமையாளர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதைவிடப் பச்சையான பாகுபாடு கிடையாது. அரச அலுவலகத்தில் ஒருவரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். ஆனாலும் அவர்மேல் அடிப்படை உரிமை வழக்குப் போட முடியாது. அந்த வழக்கு அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டும்தான். கடைக்குள், உணவகத்துக்குள், ஹோட்டலுக்குள் இனத்தைச் சொல்லி ஆளை விடாமல் தடுப்பதைப் பற்றி 12(3)இல் ஒரு வரியாவது உண்டு. வேலை தர மறுப்பதற்கு அந்த ஒரு வரியும் இல்லை. வேலையிலும் தொழிலிலும் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயத்தில் இலங்கை 1998இலேயே சேர்ந்துவிட்டது. தனியார் ஆட்சேர்ப்பில் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் மட்டும் வரவில்லை. லண்டனில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இப்படி நடந்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கே வேலைவாய்ப்பில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்துவிட்டது. இங்கேயும் தொழில் நியாய சபை இருக்கிறது, ஆனால் வேலையில் இருந்து நீக்கப்பட்டவர் போகும் இடம் அது. வேலைக்கே எடுக்கப்படாதவருக்கு அங்கே கதவு இல்லை.

சரி, சட்டம் இல்லை என்றால் சும்மா இருப்பதா? நிதி நிறுவனங்களுக்குத் தலைமையகம் உண்டு, மனிதவளப் பிரிவு உண்டு, நாடு முழுக்க எல்லா இனத்து வாடிக்கையாளர்களும் உண்டு. கிளை முகாமையாளரின் வாய் நிறுவனத்தின் கொள்கை ஆகாது. தலைமையகத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேற்படாத கடிதம் எழுதுங்கள். இன்ன திகதி, இன்ன பதவி, இன்ன கிளை. முகாமையாளர் சொன்ன இரண்டு வசனத்தையும் அவர் சொன்ன பேச்சுத் தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள். அதற்குப் பிறகு ஒரே கேள்வி: 'இது உங்கள் நிறுவனத்தின் ஆட்சேர்ப்புக் கொள்கையா என்பதை எழுத்தில் அறியத் தருவீர்களா?' இனவாதி, மதவெறி என்ற சொற்கள் ஒன்றும் வேண்டாம். அந்தச் சொற்கள் வந்தால் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய்ப் பெட்டிக்குள் விழும். கேள்வி மட்டும் இருந்தால் யாரோ ஒருவர் பதில் எழுதியாக வேண்டும், 'ஆம், அதுதான் எங்கள் கொள்கை' என்று எழுத ஒருவருக்கும் துணிவு வராது.

முகநூலில் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். பெயர் குறித்துப் போடாதீர்கள். மான நட்டத்துக்குக் கேட்டு வழக்கு வந்தால் எதிராளிக் கூண்டில் நிற்பது நீங்கள். 2024இல் இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. அதோடு, அந்தப் பதிவுக்குக் கீழே உங்கள் வேலையைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். அரை மணித்தியாலத்தில் தமிழ் - முஸ்லிம் சண்டையாகிவிடும்.

தோழியை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் விண்ணப்பித்தார், கிடைத்தது. தனியார் நிறுவனம் பெறுபேற்றை மட்டும் பார்த்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. முகாமையாளரின் வாயிலிருந்து வந்த வசனம்தான் உங்களிடம் இருக்கும் சாட்சியம், தோழியின் பெறுபேறு இல்லை. அந்த வசனத்தை அன்றிரவே எங்காவது எழுதி வைத்தீர்களா? இல்லாவிட்டால் இன்றைக்காவது எழுதுங்கள்: யார் சொன்னது, எத்தனை மணிக்கு, அறையில் வேறு யார் இருந்தார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். காலம் போகப் போக நினைவு தனக்குப் பிடித்த மாதிரி வசனத்தைத் திருத்திவிடும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது போதும்.

நானாவின் விடயம். சிங்களம் கேட்பது எப்போதும் பாகுபாடு ஆகாது. வரவேற்பு மேசையில் நிற்பவருக்கு அது தேவை. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் உள்ளூர்ப் பயணிகளில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வருபவர்கள். சமையலறையில் வெங்காயம் வெட்டுபவருக்கு அதே அளவு எதற்கு? தலைமைச் சமையற்காரர் சிங்களவர், அவர் சொல்வது விளங்க வேண்டும் என்பார்கள். அது ஓரளவு நியாயம். ஆனால் அதே சமையலறையில் சிங்களம் தெரியாத வேறு ஆட்கள் நிற்கிறார்களா என்று விசாரியுங்கள். நின்றால் மொழி ஒரு சாட்டு.

மொழி உரிமையில் விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று ஒருவரும் கோபிக்க வேண்டாம். அரச அலுவலகம் நமக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பினால் அதைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அந்த உரிமைக்காக வாழ்க்கையைச் செலவழித்தவர்களும் இருக்கிறார்கள். கோடீஸ்வரன் வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார் என்று ஓர் அரச எழுதுவினைஞரின் சம்பள உயர்ச்சியை 1962இல் நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல் லண்டனில் பிரிவிக் கவுன்சில் (அன்றைக்கு நமக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றம்) வரை போனார். சம்பளத்துக்கு வழக்காட அரச ஊழியருக்கு உரிமை உண்டு என்று அங்கே தீர்ந்தது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்வியை மறுபடி இங்கே அனுப்பினார்கள். அதற்குப் பதில் வருவதற்கு முதல் 1972இன் புதிய அரசியலமைப்பு வந்து, கேள்வி நின்ற தரையையே எடுத்துவிட்டது. கொள்கையில் அவர் சரி. உங்கள் நானாவுக்கு இந்த வருடம் வேலை வேண்டும். பேச்சுச் சிங்களம் சில மாதத்தில் வந்துவிடும், படிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. தமிழர்களும் அடிபட்டவர்கள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியை உங்களுக்காக எழுதுவதைவிட, இதை வாசிக்கும் என்னுடைய ஆட்களுக்காக எழுதுகிறேன்.

'எங்கட கஸ்டமர் எல்லாம் தமிழ் ஆக்கள்.' கொழும்பில் வேலை தேடிப்போன எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இதே வசனத்தை, தமிழ் என்ற இடத்தில் சிங்களம் என்று போட்டுக் கேட்டிருப்பார்கள்? பொட்டை அழித்துவிட்டு நேர்முகத்துக்குப் போன அக்காமார் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த சமூகம், ஒரு பிள்ளையின் தலைமுக்காட்டைப் பார்த்து அதே கதையைச் சொல்கிறது. 2018இல் இந்த நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி வந்த தகராறு ஞாபகம் இருக்கும். வீதியில் பதாகையோடு நின்றவர்களில் அந்தப் பிரச்சினையோடு சம்பந்தமில்லாதவர்களும் இருந்தார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம்தான் நின்றது.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நான் கட்சி கட்டியதாகிவிடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெடியனைக் காசாளராக வைக்கிறார்கள்? மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களைத் 'தோட்டத்து ஆக்கள்' என்று தள்ளி வைப்பது தமிழர்களேதான். சாதி கேட்டு வாடகைக்கு வீடு கொடுப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் சிக்கல் என்னவென்றால் இங்கே எல்லோரும் சிறுபான்மைதான். 2012 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவில், தமிழர் 31 அளவில், சிங்களவர் 27 அளவில். பாதியைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. கந்தளாய்ச் சிங்களவர் மாகாண அலுவலகத்துக்கு வந்தால் தன்னை ஒதுக்குவதாகச் சொல்வார். தமிழர் காணி போன கதையைச் சொல்வார். முஸ்லிம்கள் பதவி போகாத கதையைச் சொல்வார்கள். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) புது அதிகாரி வந்தால் தகைமையைக் கேட்பதற்கு முதல் பெயரைக் கேட்கிறோம். யாருடைய ஆள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்படியென்றால் இன விகிதப்படி வேலையைப் பங்கு போடலாமே என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும். அதையும் செய்து பார்த்தார்கள். 1990இல் அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. சுங்கத்தில் பதவி உயர்வுக்கு இனப் பங்கைப் பிரயோகித்தபோது வழக்குப் போட்டவர் ஒரு தமிழ் அதிகாரி. ராமுப்பிள்ளை வழக்கில் உயர் நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு முரண் என்றது. சிறுபான்மையைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்ன பங்கீடு, திறமையால் மேலே வந்த சிறுபான்மை அதிகாரியின் தலையிலேயே இடித்தது.

இடத்தைப் பார்த்துப் பங்கிடுவது வேறு கதை. பல்கலைக்கழக அனுமதியை எடுங்கள். 1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழி பார்த்துச் சரிசெய்த தரப்படுத்தல், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயத்தை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். அதிலிருந்து மாறி மாறி வந்து இன்றைக்கு நிற்கும் முறையில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை, 55 மாவட்டக் குடித்தொகை, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. கந்தளாய்ப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் தம்பலகாமத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று ஒரே வெட்டுப்புள்ளியில் உள்ளே போகிறார்கள், யாரும் யாருடைய பெயரையும் பார்ப்பதில்லை. நீங்களும் உங்கள் தோழியும் அப்படிப் போனவர்களாக இருக்கலாம். குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு வெளியே கிடக்கிறது, யாரும் பார்க்கலாம். ஒளித்து வைக்கும் 'ஆளுமை' நிரலோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

வாப்பா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். அவருடைய வயதுக்காரர்கள் இந்த மாவட்டத்தில் எதை எதைப் பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பயப்படுவது உங்கள் வேலைக்காக இல்லை, உங்களுக்காக. மூன்றையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்ற அளவில் நானும் அவர் பக்கம். அரச பதவிக்குத் தகவல் விண்ணப்பமும் முறைப்பாடும் கட்டாயம் போடுங்கள். நிதி நிறுவனத்துக்கு அந்த ஒரு கடிதம், அதோடு விட்டுவிடுங்கள். நானாவின் ஹோட்டலை மறந்துவிடுங்கள். இதற்கிடையில் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதாலும் சேர்வதாலும் உங்கள் வழக்கு பலவீனப்படாது. 'வேலை கிடைத்துவிட்டதே, இனி என்ன?' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயர் போடாமல் முறையிட முடியுமா என்றால், பிரயோசனமாக முறையிட முடியாது. உங்கள் புள்ளியைத் தேடி எடுப்பதற்கே உங்கள் பெயரும் பரீட்சைச் சுட்டெண்ணும் வேண்டும். முறைப்பாட்டில் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், நேர்முகம் நடந்த திகதி, பட்டியல் வெளியான திகதி எல்லாம் எழுதி, அழைப்புக் கடிதத்தின் நிழற்பிரதியை இணையுங்கள். மூலப்பிரதியை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். தபாலில் போடுவதானால் பதிவுத் தபால். நேரில் கொண்டுபோனால், உங்கள் கையிலிருக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள்.